சிவப்புப் பாறையும் பேரனுக்கு ஒரு கல்லும்

கேள்வி: டிசம்பரில் மெல்பர்னில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து நான்கு நாள், ஆஸ்திரேலியாவின் நடுவில் இருக்கும் உலுரு என்ற பெரிய சிவப்புப் பாறைக்கு. சதுரகிரி, பர்வதமலை எல்லாம் ஏறிய என் கணவர், உச்சிக்குப் போகாமல் திரும்பினால் போனதாகவே கணக்கில்லை என்கிறார். பேரன் ஒரு சிவப்புக் கல் கேட்டிருக்கிறான். படம் எடுக்கவும் தடை என்கிறார்களே, அப்புறம் அங்கே என்னதான் செய்வது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சகோதரி, கணவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள், ஏற முடியாது. 2019 அக்டோபர் 26 முதல் தடை. 1985இல் அதே அக்டோபர் 26 அன்றுதான் அந்த நிலம் அதன் சொந்தக்காரர்களான அனங்கு என்ற பழங்குடி மக்களிடம் திரும்பி வந்தது. நாளைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

நான் 2018இல் போனபோது, ஏறுகிறவர்கள் பிடித்துக்கொள்ளும் சங்கிலி இன்னும் இருந்தது. நான் ஏறவில்லை. கொள்கை எல்லாம் இல்லை, முழங்கால் வலி. கீழிருந்து பார்த்தால் எறும்பு வரிசை போலத்தான் இருந்தது. அனங்கு மக்களும் அவர்களை ‘மிங்கா’ என்பார்களாம். எறும்பு என்றுதான் பொருள். 348 மீட்டர் உயரம், வழுக்கும் சரிவு. 30க்கும் மேற்பட்டவர்கள் அதில் ஏறப்போய் இறந்திருக்கிறார்கள். தங்கள் மண்ணுக்கு வந்தவர் செத்தால் அந்தப் பாரம் தங்கள் தலையில்தான் என்று நினைக்கிற மக்கள் அவர்கள்.

அதனால் உங்கள் வீட்டுக்காரரைக் கிரிவலம் வரச் சொல்லுங்கள்! அடிவாரத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். டிசம்பர் அங்கே கடும் கோடை. விடியலில் கிளம்பி 11 மணிக்குள் முடித்துவிட வேண்டும். முகத்துக்கு ஈ வலை வாங்கிக்கொள்ளுங்கள். வலை போட்டவர்களைப் பார்த்து நான் சிரித்தேன். பத்தே நிமிடத்தில் கடைக்கு ஓடினேன்.

முழுச் சுற்று முடியாவிட்டால் முட்டிஜுலு சுனைக்காவது போங்கள், சின்ன நடைதான். குனியா என்ற மலைப்பாம்புப் பெண், தன் உடன்பிறந்தவரின் மகனுக்காக லிரு என்ற விஷப்பாம்போடு சண்டை போட்ட இடம் அது. சண்டையின் தழும்புகளை அந்தப் பாறையிலேயே காட்டுகிறார்கள். கதையைக் கேட்டபிறகு அந்தப் பிளவுகளை வெறும் பிளவாகப் பார்க்க எனக்கு முடியவில்லை.

படத்துக்கு முழுத் தடை இல்லை. பலகை வைத்த சில இடங்களில் மட்டும் எடுக்கக் கூடாது. சில இடங்கள் ஆண்களுக்கு மட்டும் உரியவை, சில பெண்களுக்கு மட்டும். படம் வெளியே போனால் யார் கண்ணில் படும் என்று யாருக்குத் தெரியும்? நானும் ஒரு இடத்தில் பலகையைக் கவனிக்காமல் போனைத் தூக்கிவிட்டேன். வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லை, விரலால் பலகையைக் காட்டினார். அங்கேயே நின்று அழித்தேன்.

கல் மட்டும் வேண்டவே வேண்டாம். எடுப்பது குற்றம். எடுத்துப்போன எத்தனையோ பேர் மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். உலுரு இருக்கும் தேசியப் பூங்காக்காரர்கள் அவற்றுக்கு ‘மன்னிப்புக் கற்கள்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அங்குள்ள பண்பாட்டு மையத்தில், அனங்கு மக்களே நடத்தும் மாருகு என்ற கடை இருக்கிறது. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் கோலம் சுட்ட மர உடும்பு கிடைக்கும். பேரனுக்கு அதை வாங்குங்கள். செய்தவர் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அவன் கட்டாயம் கேட்பான்.