எம்பிஏ வகுப்பில் கேஸ் ஸ்டடியையும் செய்து கற்பதையும் எப்படி இணைப்பது?

மாணவர்கள் முதலில் ஒரு விளையாட்டை ஆடட்டும், பிறகு அதே பாடத்துக்கான கேஸைப் (ஒரு நிறுவனம் சந்தித்த சிக்கலின் விவரிப்பு) படிக்கட்டும். பல கல்லூரிகளில் இது தலைகீழாக நடக்கிறது. கேஸிலேயே விடை தெரிந்துவிட்டால் அதன்பின் நடத்தும் 'ஆக்டிவிட்டி' வெறும் சடங்குதான்.

சப்ளை செயின் (தொழிற்சாலையிலிருந்து கடை வரை சரக்கு வரும் சங்கிலி) பாடத்துக்கு, அமெரிக்காவின் எம்ஐடியில் உருவான பீர் கேம் என்ற விளையாட்டையும் இத்தாலியப் பாஸ்தா நிறுவனம் பாரில்லா பற்றிய ஹார்வர்ட் கேஸையும் சேர்த்து நடத்தலாம்.

ஒரு குழுவில் நான்கு பேர்: சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, டிஸ்ட்ரிபியூட்டர், தொழிற்சாலை. ஆளுக்கு 12 பெட்டி ஸ்டாக். அனுப்பிய சரக்கு போய்ச் சேர இரண்டு வாரம். பேச்சு கிடையாது; ஒவ்வொருவரும் தனக்கு மேலே, தொழிற்சாலைப் பக்கம் இருப்பவருக்கு ஆர்டர் சீட்டு மட்டும் அனுப்பலாம். கையிருப்புப் பெட்டிக்கு வாரம் அரை டாலர் செலவு; கொடுக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் பெட்டிக்கு ஒரு டாலர். வாடிக்கையாளர் முதல் 4 வாரம் 4 பெட்டி கேட்பார், 5ஆம் வாரத்திலிருந்து 8. அதற்குமேல் மாற்றமே இல்லை. வாடிக்கையாளர் எவ்வளவு கேட்டார் என்பது அந்தந்த வாரம் கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும். 50 வாரம் என்று அறிவித்து 36இல் நிறுத்துங்கள். முடிவு தெரிந்தால் கடைசியில் ஸ்டாக்கைக் கரைக்கப் பார்ப்பார்கள்.

கணக்கு பிசகுவது பெரும்பாலும் நிலுவையில்தான்: பழைய பாக்கியைப் புது ஆர்டரோடு கூட்ட மறந்துவிடுவார்கள். முதல் நான்கு வாரத்தை நீங்களே சொல்லிச் சொல்லி நடத்துங்கள். ஏற்கெனவே ஆடியவர் இருந்தால் கணக்கெழுத உட்கார வையுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் விடையை அவிழ்க்காதீர்கள். வாடிக்கையாளர் எவ்வளவு கேட்டிருப்பார் என்று கடைக்காரர் தவிர மற்ற மூவரையும் வரைபடமாக வரையச் சொல்லுங்கள். பெரும்பாலும் மலையும் பள்ளமுமாக வரைவார்கள். பிறகு 4இலிருந்து 8க்கு ஏறிய அந்த ஒற்றைப் படியைக் காட்டுங்கள். வகுப்பு தானாகவே பேச ஆரம்பிக்கும்.

அன்றிரவு படிக்க பாரில்லா கேஸைக் கொடுங்கள். விளையாட்டில் விலை என்பதே இல்லை. பாரில்லாவிலோ தள்ளுபடித் திட்டங்களும் ஆர்டரை ஏற்றி இறக்கின. விநியோகஸ்தர்களின் விற்பனைத் தகவலை வாங்கி, எவ்வளவு அனுப்புவது என்று தானே முடிவெடுக்க நிறுவனம் முயன்றபோது, விநியோகஸ்தர்கள் மட்டுமல்ல, சொந்த விற்பனைப் பிரிவினரும் எதிர்த்தார்கள். ஏன் என்பதைத்தான் மறுநாள் முழுக்க அலச வேண்டும். முந்தின நாள் 'மேலே இருப்பவன் சரக்கே அனுப்பவில்லை' என்று திட்டியவர்களுக்கு அந்த எதிர்ப்பு சட்டென்று புரியும்.

மொத்தச் செலவை வைத்து மதிப்பெண் போடாதீர்கள். அதில் ஒரு பகுதி மற்றவர் ஆர்டரால் வந்தது. ஒவ்வொரு ஆர்டருக்கும் பக்கத்திலேயே காரணத்தை ஒரு வரி எழுதச் சொல்லி, அந்தத் தாளைத் திருத்துங்கள்.