விண்மீன் அட்டவணையும் இடப் பிழையும்

கேள்வி: ஐரோப்பிய விண்கலமான கையா தந்த விண்மீன் அட்டவணையின் மூன்றாம் வெளியீட்டில் உள்ள இடங்களை வைத்து எங்கள் வான்படத்தை அளந்தோம். சில விண்மீன்கள் மட்டும் பல வில்நொடி (ஒரு வில்நொடி பாகையின் 3,600இல் ஒரு பங்கு) தள்ளி நிற்கின்றன. அட்டவணை தவறா?

பதில்: அட்டவணை சரிதான். தேதியைப் பாருங்கள். 2022இல் வந்த அந்த வெளியீட்டின் இடங்கள் 2016.0 என்ற காலப்புள்ளிக்கு, அதாவது 2016 தொடக்கத்துக்கு, உரியவை. 15ஆம் ஒளித்தரத்தை (எண் சிறிதானால் ஒளி கூடுதல்) விடப் பிரகாசமானவற்றுக்குப் பிழை ஏறத்தாழ 0.02 மில்லி வில்நொடிதான். 20ஆம் தரத்தில் 0.4. ஆனால் விண்மீன்கள் நகர்கின்றன. பர்னார்டு விண்மீன் ஆண்டுக்குச் சுமார் 10.4 வில்நொடி ஓடுகிறது. 2026இல் 104 வில்நொடி விலகியிருக்கும்.

ஆகவே படம் எடுத்த ஆண்டிலிருந்து 2016.0ஐக் கழித்து, சுய இயக்கத்தால் (விண்மீன் வானில் ஆண்டுக்கு நகரும் அளவு) பெருக்கிக் கூட்டுங்கள். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்: வல ஏற்ற (வானின் கிழக்கு-மேற்கு ஆயம்) இயக்கத்தில் நடுவரை விலக்கத்தின் (வடக்கு-தெற்கு ஆயம்) கோசைன் ஏற்கெனவே பெருக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கோசைனால் வகுத்த பிறகே வல ஏற்றத்தோடு கூட்ட வேண்டும். மறந்தால் 60 பாகையில் பாதி நகர்வே கிடைக்கும். ஆயத்தொலைவுச் சட்டகம் (அச்சுகளின் திசை) 2000 என்று எழுதியிருப்பதும் காலப்புள்ளியும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி: மிகப் பிரகாசமான விண்மீன்கள் ஏன் அதில் கிடைப்பதில்லை?

பதில்: 3ஆம் தரத்தை விடப் பிரகாசமான ஒளியில் கையாவின் உணரி நிரம்பி, அளக்க முடியாமல் போகிறது. அவற்றுக்கு 1,18,218 விண்மீன்கள் கொண்ட, முந்தைய விண்கலமான ஹிப்பார்க்கஸின் அட்டவணையை எடுங்கள். அதன் காலப்புள்ளி 1991.25, துல்லியம் ஏறக்குறைய 1 மில்லி வில்நொடி. சுமார் 25 லட்சம் விண்மீன்கள் உள்ள, அதே விண்கலத் தரவிலிருந்து வந்த டைக்கோ-2 அட்டவணையில் பிழை சராசரியாக 60 மில்லி வில்நொடி. தொலைநோக்கியைக் குறிவைக்க அது தாராளம்.