எலிக்கு இடம் ஞாபகம் இருக்கிறதா, வெறும் பழக்கமா? எப்படிப் பிரித்துப் பார்க்கிறார்கள்?

மருந்தியல் முதுநிலை படித்தபோது இந்த வேலையிலேயே எனக்கு ஒரு வருஷம் போனது, அதனால் எனக்குத் தெரிந்த தொட்டியை வைத்தே சொல்கிறேன். ஆய்வகத்தில் 'வாட்டர் மேஸ்' என்போம். மூளை ஆய்வாளர் ரிச்சர்ட் மோரிஸ் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது உருவாக்கி 1981இல் வெளியிட்ட முறை.

ஒன்றரை, இரண்டு மீட்டர் அகலத்தில் வட்டத் தொட்டி. தண்ணீரில் பால் பவுடரோ விஷமில்லாத வெள்ளைப் பெயின்ட்டோ கலந்துவிடுவார்கள். நீர்மட்டத்துக்கு ஓரிரு சென்டிமீட்டர் கீழே சின்னதாக ஒரு மேடை, அது எலியின் கண்ணுக்குத் தெரியாது. எலி நன்றாகவே நீந்தும், ஆனால் எப்போதடா கரையேறுவோம் என்றுதான் இருக்கும், அதனால் பட்டினி போட்டுத் தீனி ஆசை காட்டுகிற வேலை மிச்சம்.

உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பக்கத்திலிருந்து இறக்கிவிடுவோம். 'இடது பக்கம் திரும்பினால் மேடை' என்ற பழக்கம் அங்கே செல்லாது. சுவரில் ஒட்டிய படம், கதவு, அலமாரி எது எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் போயாக வேண்டும்.

முதல் நாள் ஒரு நிமிஷம் சுற்றியும் கண்டுபிடிக்காத எலி, நாலைந்து நாளில் பத்துச் சொச்சம் வினாடியில் போய் ஏறிவிடும். கிராஃப் அழகாக இறங்கும், எல்லாரும் அதைத்தான் காட்டுவார்கள். எனக்கு அந்த எண் மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி மேடை இருக்கிறது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு அந்த வளையத்திலேயே சுற்றி வந்தாலும் நேரம் குறையும். மருந்து கொடுத்த எலி சோர்ந்துபோய் மெதுவாக நீந்தினால் நேரம் கூடும், அதை நாம் மறதி என்று எழுதிவிடுவோம். நீந்திய தூரத்தையும் வேகத்தையும் சேர்த்துப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது.

அசல் பரீட்சை கடைசியில்தான். மேடையை எடுத்துவிட்டு எலியை 60 வினாடி நீந்தவிடுவார்கள். தொட்டியை நான்கு பாகமாகப் பிரித்தால், சும்மா அலைகிற எலி ஒவ்வொன்றிலும் சுமார் 15 வினாடி இருக்கும். இடம் தெரிந்த எலி மேடை இருந்த பாகத்தையே விடாமல் துழாவும். 1982இல் மோரிஸ், ஜான் ஓ'கீஃப் உள்ளிட்ட நால்வர் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி சிதைக்கப்பட்ட எலிகளை விட்டுப் பார்த்தபோது அந்தத் துழாவலே இல்லை. அதே எலிகள் வெளியே தெரிகிற மேடைக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. கண்ணிலோ காலிலோ கோளாறில்லை, போனது இடம் பற்றிய நினைவுதான்.

அப்புறம், நான் பண்ணிய கூத்து. நாலு நாளும் ஒரே இடத்தில் நின்று குறிப்பெடுத்தேன். ஐந்தாம் நாள் வெயில் அடிக்கிறதென்று எதிர்ப்பக்கம் போய் நின்றேன், நன்றாகத் தேறியிருந்த ஆறு எலிகளும் தப்பான பக்கம் தேடின. அவற்றுக்கு அறையிலேயே பெரிய அடையாளம் படமும் இல்லை, அலமாரியும் இல்லை, நான்தான். நோட்டில் அந்த ஆறையும் அடித்துவிட்டு, திரை கட்டி, அதற்குப் பின்னால் உட்கார்ந்து புது எலிகளோடு மறுபடி ஆரம்பித்தேன்.