ஒரே இனத்தின் இரண்டு ஸ்ட்ரெயின்களில் (உட்பிரிவுகளில்) 16எஸ் ஜீன் (பாக்டீரியாவை அடையாளம் காணப் படிக்கும் ரைபோசோம் ஆர்என்ஏ ஜீன்) வரிசை வேறுபடுகிறது, ஒன்றில் இரட்டைச் சிகரமும் வருகிறது. கல்ச்சரில் கலப்படமா?

கலப்படம் என்று முடிவு கட்டி பிளேட்டை ஆட்டோகிளேவில் (நீராவியில் கிருமிகளைக் கொல்லும் கருவியில்) போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன்.

நீங்கள் ஆய்வு மாணவராக இருப்பீர்கள், "ஒழுங்காக ஸ்ட்ரீக் செய்ய (பிளேட்டில் இழுத்துத் தேய்த்துத் தனிக் காலனிகளாகப் பிரிக்க) தெரியாதா?" என்று வழிகாட்டி கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். என்னிடமும் அதைத்தான் கேட்டார்கள். ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு மண் பாக்டீரியா ஸ்ட்ரெயின்கள். 27எஃப், 1492ஆர் பிரைமர்களால் (ஜீனின் இரு முனையில் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) இந்த ஜீனைப் பெருக்கி, எழுத்து வரிசையைப் படிக்கும் சேங்கர் முறைக்கு அனுப்பினேன். முதல் ஸ்ட்ரெயின் சுத்தமாக வந்தது. இரண்டாவதில் நான்கு இடங்களில் மட்டும் ஒரே புள்ளியில் இரண்டு நிறச் சிகரங்கள், அதாவது ஒரே இடத்தில் இரண்டு எழுத்துகள், ஒன்று உயரம், ஒன்று குட்டை. மூன்று முறை தனிக் காலனி எடுத்துத் திரும்பச் செய்தேன். மூன்று முறையும் அதே நான்கு இடம், உயரமும் ஏறக்குறைய அதே. இரண்டு கிருமி கலந்திருந்தால் காலனிக்குக் காலனி அது மாறியிருக்க வேண்டாமா? அப்போது எனக்கு அது தோன்றவில்லை. ஏழு மாத வேலை குப்பைக்குப் போனது.

விஷயம் என்னவென்றால், ஒரு செல்லில் இந்த ஜீன் ஒன்றுதான் இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். காசநோய்க் கிருமியில் ஒன்றுதான். ஆனால் ஈ.கோலையில் 7, பேசிலஸ் சப்டிலிஸில் 10. இந்தப் பிரதிகள் ஒன்றையொன்று பார்த்துத் திருத்திக்கொள்வதால் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். எப்போதும் அல்ல. ஹாலோஆர்குலா மாரிஸ்மார்டுயி என்ற ஆர்க்கியாவில் ஒரே செல்லின் பிரதிகளுக்குள்ளேயே சுமார் 5 சதவீத வேறுபாடு இருக்கிறது.

நல்லவேளையாக என் இரண்டாவது ஸ்ட்ரெயினின் கிளிசரால் ஸ்டாக் (கிளிசராலில் உறையவைத்த கிருமி இருப்பு) ஒன்று ஃப்ரீசரில் இருந்தது. அதிலிருந்து ஒரே காலனியை எடுத்து, பிசிஆர் செய்து, பிளாஸ்மிடில் ஏற்றி, 20 குளோன்களைத் தனித்தனியாகப் படித்தோம். ஓரிரு கைமீராக்களை (பிசிஆரில் இரண்டு வரிசைகள் ஒட்டிப் பிறந்த போலிகளை) தள்ளினால் இரண்டே வகை. ஒன்று அப்படியே முதல் ஸ்ட்ரெயினின் வரிசை. மற்றதில் அந்த நான்கு எழுத்துகள் மட்டும் வேறு. இந்த ஜீனிலிருந்து வரும் ஆர்என்ஏ கொண்டைஊசி போல மடியும். அந்த மடிப்புப் படத்தில் அவற்றில் இரண்டைக் குறித்துப் பார்த்தேன். தண்டில் நேருக்கு நேர் நின்றன! ஒரு வகையில் ஜி-சி ஜோடி, மற்றதில் ஏ-யு ஜோடி. ஒரு பக்கம் மாறியதும் எதிர்ப்பக்கமும் மாறி ஜோடியைக் காப்பாற்றியிருக்கிறது. பிசிஆர் பிழை இப்படி ஜோடி பார்த்து வராது. அன்று இரவு வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, கலப்படமே நடக்காது என்று நான் சொன்னதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நடக்கும், அடிக்கடி நடக்கும். முதலில் ஸ்ட்ரீக் செய்து பார்ப்பதுதான் முறை. காலனி மாற்றியும் இரட்டைச் சிகரம் இடம் மாறாவிட்டால் குளோன் செய்யுங்கள், அல்லது நீள வாசிப்பில் முழு ஜினோமையும் படியுங்கள். நான்கைந்து எழுத்து வித்தியாசத்துக்காக 'வேறு இனம்' என்று பதறவும் வேண்டாம். 2006 முதல் பலர் வைத்துக்கொள்ளும் கோடு 98.7 சதவீத ஒற்றுமை; அதற்குக் கீழே போனால்தான் வேறு இனமோ என்று யோசிப்பார்கள். 1,500 எழுத்தில் அது கிட்டத்தட்ட 20 எழுத்து வித்தியாசம். எதிர்ப்பக்கமும் உண்டு: ஆந்த்ராக்ஸ் கிருமிக்கும் பேசிலஸ் செரியஸுக்கும் இந்த ஜீன் ஏறக்குறைய ஒன்றேதான். அங்கே இதை மட்டும் வைத்துப் பெயர் சொல்லவே முடியாது.

கேட்காத விஷயம் ஒன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து அறுக்கிறது. அந்த ஸ்டாக்கை எடுத்து வைத்தவர் எங்கள் சீனியர் ஒருவர். பேனா எழுத்து எத்தனால் பட்டால் அழிந்துவிடும் என்று பென்சிலால் தேதி எழுதி, யாரும் சொல்லாமலே வைத்திருந்தார். கட்டுரை வெளியானபோது ஃப்ரீசர் பக்கமே வராதவர்கள் பெயரெல்லாம் இருந்தது. அவர் பெயர் நன்றியுரையில்கூட இல்லை. வரைவில் நான் சேர்த்திருந்தேன். இறுதிப் பிரதியில் எடுத்துவிட்டார்கள்.