ஓடினா கால் எலும்பு வலிக்குது, ஓட்டத்தையே விட்டுடணுமா டாக்டர்?

கேள்வி: வயசு 29. ரெண்டு மாசமாத்தான் ஓடுறேன். 10 கிலோமீட்டர் போட்டிக்குப் பேர் குடுத்துட்டேன்னு 2 கிலோமீட்டர்ல இருந்து திடீர்னு 6க்கு ஏத்திட்டேன். இப்ப ரெண்டு கால்லயும் கெண்டைக்கால் உள்பக்கம் எலும்பு ஓரமா வலி. ஓட ஆரம்பிக்கும்போது வலிக்குது, உடம்பு சூடானதும் குறையுது, மறுநாள் அமுக்கினா உயிரே போகுது. போட்டிக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு.

பதில்: விட வேணாம்ங்க. நீங்க சொல்றத வெச்சுப் பார்த்தா ஷின் ஸ்ப்ளின்ட்ஸ் (தாங்குற அளவுக்கு மேல ஓடி முன்னங்கால் எலும்பு ஓரமா வர்ற வலி) மாதிரிதான் தெரியுது. மூச்சு சில வாரத்துலயே பழகிடும், எலும்பு அவ்ளோ சீக்கிரம் பழகாது, அதான் மூச்சு வாங்கலயேன்னு தூரத்த ஏத்துறவங்க எல்லாம் இதுல மாட்டுறாங்க.

ஆனா முதல்ல ஒண்ணு பாருங்க, எலும்பு ஓரமா விரலால அமுக்கிட்டே வாங்க, 5 சென்டிமீட்டருக்கு மேல பரவலா வலிச்சா ஷின் ஸ்ப்ளின்ட்ஸ், ஒரே புள்ளியில சுருக்குன்னு குத்துச்சுன்னாலோ, ராத்திரி சும்மா படுத்திருக்கும்போது வலிச்சாலோ எலும்புல விரிசல் இருக்கலாம், உடனே நேர்ல காட்டுங்க. எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லன்னு வந்தாலும் நம்பிடாதீங்க, ஆரம்பத்துல அதுல தெரியாம போறது சகஜம், எம்ஆர்ஐ தேவைப்படலாம். ஓடும்போது பாதம் மரத்துப் போச்சுன்னா அது வேற விஷயம், அதுக்கும் டாக்டர பாக்கணும்.

இப்போதைக்கு ஓட்டத்த நிறுத்திட்டு சைக்கிள், நீச்சல்னு வலிக்காத எதையாவது பண்ணுங்க. ஐஸ துணில சுத்தி 15 நிமிஷம் வைங்க. வலி மாத்திரைய போட்டுக்கிட்டு ஓடுற வேலை மட்டும் வேணவே வேணாம், வலி தெரியாதே தவிர எலும்பு அடி வாங்கிட்டேதான் இருக்கும்.

நடந்தாலும் அமுக்கினாலும் வலி இல்லாத நிலைக்கு வர சில வாரம் ஆகும். அப்புறம் பழைய தூரத்துல பாதி, ஒருநாள் விட்டு ஒருநாள், கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. எட்டி எட்டி வைக்காம சின்னச் சின்ன அடியா வெச்சு ஓடினா எலும்புக்குப் பாரம் குறையும். முழங்கால லேசா மடக்கி குதிகால தூக்கி இறக்குற பயிற்சிய விடாதீங்க, ஆடுசதை பலமா இருந்தாத்தான் எலும்பு தப்பிக்கும். ஷூ 500, 800 கிலோமீட்டர் ஓடியிருந்தா மாத்திடுங்க (பாக்க புதுசாத்தான் இருக்கும், உள்ள மெத்தை செத்திருக்கும்). பொண்ணா இருந்து பீரியட்ஸ் தள்ளிப் போகுதுன்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, ஓடுற அளவுக்குச் சாப்பாடு பத்தலன்னா பீரியட்ஸும் தள்ளிப் போகலாம், எலும்பும் பலவீனமாகலாம்.

அந்தப் போட்டியா? மூணு வாரத்துல நடக்காதுங்க. கட்டின காசு போனா போகட்டும், அடுத்த போட்டிக்குப் பேர் குடுங்க.