எக்ஸாஸ்டைக் குறைத்தால் துணி காயுமா?

அண்ணா வணக்கம்,

திருப்பூரில் ஒரு பிராசஸிங் யூனிட்டில் ஸ்டென்டர் (ஈரத் துணியை விரித்துப் பிடித்துச் சூடான காற்றில் காய வைக்கும் மெஷின்) பார்க்கிறேன். எட்டு சேம்பர், தெர்மிக் ஃப்ளூயிட் சூடு (விறகில் காய்ச்சிய எண்ணெய் குழாயில் ஓடிக் காற்றைச் சூடாக்கும்), பெரும்பாலும் காட்டன் நிட் (பின்னல் துணி), 140 டிகிரியில் காய வைப்போம். ஈரக்காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்டின் டேம்பரை (அடைப்புத் தகடு) முழுக்கத் திறந்துதான் ஓட்டுகிறோம். விறகுச் செலவு ஏறுகிறது, டேம்பரைக் குறை என்கிறார் முதலாளி. ஈரக்காற்று வெளியே போகாமல் துணி எப்படிக் காயும்? ஸ்பீடு விழுந்துவிடாதா? இன்னொன்று, துணியின் வலது கரை மட்டும் ஈரமாகவே வருகிறது. சேம்பருக்குள் காற்றைச் சுற்றி அடிக்கும் பிளோயரைக் கூட்டலாமா?

ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

இந்த விஷயத்தில் நான் உங்கள் முதலாளி கட்சி.

துணியைக் காய வைப்பது எக்ஸாஸ்ட் இல்லை. சேம்பருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து, நாசில் வழியாக மேலும் கீழும் துணிமேல் அடிக்கிறதே, அந்தக் காற்றுதான் சூட்டைக் கொடுத்து ஈரத்தைப் பிடுங்குகிறது. எக்ஸாஸ்டின் வேலை, சேர்ந்த ஆவியில் வேண்டிய அளவை வெளியே தள்ளுவது மட்டும். ஆனால் அது தள்ளும் ஒவ்வொரு கிலோ காற்றுக்கும் பதிலாக ஷெட்டிலிருந்து ஒரு கிலோ உள்ளே வரும், அதை 30 டிகிரியிலிருந்து 140 வரை சூடாக்குவது உங்கள் விறகு.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். 1 கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 540 கிலோகலோரி, இதில் யாரும் பேரம் பேச முடியாது. ஷெட் காற்றில் கிலோவுக்கு 20 கிராம் ஈரம் என்று வையுங்கள். டேம்பர் முழுக்கத் திறந்திருந்து, வெளியேறும் காற்றில் கிலோவுக்கு 50 கிராம் ஈரம்தான் இருக்கிறது என்றால், அந்த 1 கிலோ ஆவியை வெளியேற்ற 33 கிலோ காற்று வேண்டும். அதைச் சூடாக்க 880 கிலோகலோரி! அதாவது தண்ணீருக்குச் செலவழித்ததை விட வெறும் காற்றுக்குச் செலவழித்தது அதிகம். ஈரத்தை 120 கிராமுக்கு ஏற்றிவிட்டால் 10 கிலோ காற்று போதும், சூடு 264 ஆகிவிடும். பொதுவாக 100 முதல் 150 கிராம் வரை வைத்து ஓட்டச் சொல்வார்கள்.

ஸ்பீடு விழுமா என்றால், கொஞ்சம் விழும், உங்கள் பயம் முழுக்கத் தப்பில்லை. 140 டிகிரிக் காற்றில் 50 கிராம் ஈரம் இருந்தால் நனைந்த துணி 51 டிகிரியில் நிற்கும். 120 கிராம் என்றால் 61. காற்றுக்கும் துணிக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் 89-லிருந்து 79 ஆகிறது, காயும் வேகத்தில் பத்துப் பதினொரு சதவீதம் குறையலாம். ஆனால் துணி வெளியே வரும்போது எவ்வளவு ஈரத்தோடு வருகிறது என்று அளந்திருக்கிறீர்களா? பருத்தி இயல்பாகவே 8.5 சதவீதம் ஈரம் வைத்திருக்கும். 3 சதவீதம் வரை வறட்டி எடுத்தால், மடித்து அடுக்கியதும் ஷெட் காற்றிலிருந்து அது திரும்பக் குடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் ஸ்பீடைக் கூட்டினாலே போனது வந்துவிடும்.

ஈரம் அளக்கும் சென்சார் இல்லையென்றால், துணி நுழையும் வாயில் ஒரு மெல்லிய துணித் துண்டைப் பிடித்துப் பாருங்கள். விருட்டென்று உள்ளே இழுத்தால் எக்ஸாஸ்ட் அதிகம். டேம்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்து, வாயில் ஆவி எட்டிப் பார்த்ததும் ஒரு பிடி திறந்துவிட்டு நிறுத்துங்கள். அதற்கு மேலே பேராசை வேண்டாம், துணியிலிருந்து கிளம்பும் எண்ணெய்ப் புகை உள்ளே குளிர்ந்து சொட்டினால் துணியில் கறை. உங்களுடையது தெர்மிக் ஃப்ளூயிட் என்பதால்தான் இவ்வளவு துணிந்து சொல்கிறேன். நேரடி கேஸ் பர்னர் வைத்திருப்பவர்கள் எரிந்த புகை வெளியேறத் தேவையான அளவுக்குக் கீழே போகவே கூடாது.

அப்புறம் வலது கரை. தயவுசெய்து பிளோயரைத் தொடாதீர்கள். இடது கரை இன்னும் வறளும், அவ்வளவுதான். வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் அந்த மோட்டாரின் மின்சாரம் 33 சதவீதம் கூடும். முதலில் மேங்கிளை, அதாவது துணியைப் பிழிந்து அனுப்பும் ரோலர்களைப் பாருங்கள். ஸ்டென்டருக்குள் போகும் முன்பே இரண்டு கரையிலும் ஒரே அளவு துண்டு வெட்டி எடை போடுங்கள். வலது அதிகம் என்றால் ரோலர் அழுத்தத்தில் கோளாறு, காற்றைத் திட்டிப் பயனில்லை. எடை சமமாக இருந்தால் வலது பக்க ஃபில்டரில் பஞ்சு அப்பியிருக்கும், இல்லாவிட்டால் நாசில் ஓட்டை அடைத்திருக்கும். காட்டன் நிட் ஓடும்போது ஷிப்டுக்கு ஒருமுறை ஃபில்டரைத் துடைத்தால் போதாது, பஞ்சு அதிகம் உதிரும் துணி என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது எடுத்துத் தட்டச் சொல்லுங்கள்.