சக்கரம் சுற்ற வேண்டுமா, வேண்டாமா?

கேள்வி: இரண்டு வருடமாக கன்ட்ரோலரில் (கணினியோடு இணைத்துப் பாட்டு மிக்ஸ் செய்யும் கருவி) டிஜே பழகுகிறேன். இப்போது தொழில்முறை டிஜிட்டல் டர்ன்டேபிள் வாங்க ஆசை. மோட்டார் வைத்துத் தானாகச் சுற்றும் சக்கரமா, சுற்றாததா?

பதில்: முதலில் ஒன்று சொல்லுங்கள், ஸ்க்ராட்ச், அதாவது தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்து ஒலி எழுப்புவது, செய்வீர்களா? ஆமாம் என்றால் மோட்டார் சக்கரத்துக்கே போங்கள். ரேன் ட்வெல்வ் மாதிரி கருவிகளில், கையை எடுத்ததும் தட்டு மறுபடி வேகம் பிடிப்பதை விரலிலேயே உணரலாம், வினைல் இசைத்தட்டில் பழகியவர்களுக்கு அதுதான் உயிர். பாட்டுக்குப் பாட்டு மிக்ஸ் மட்டும்தான் என்றால் அந்த எடையைத் தூக்கி அலைவது வீண். கிளப்களில் பெரும்பாலும் பயனியரின் சிடிஜே வகை, அதாவது சக்கரம் தானாகச் சுற்றாத பிளேயர்தான் இருக்கும், 2001-ல் சிடிஜே-1000 வந்ததிலிருந்தே அப்படித்தான், அதில் கை பழகியிருந்தால் எங்கே போனாலும் தடுமாற மாட்டீர்கள்.

வாங்கும்முன் பிட்ச் ஸ்லைடரை, அதாவது பாட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்பை, மெதுவாக, ரொம்ப மெதுவாக நகர்த்திப் பாருங்கள். சிடிஜே-2000 போன்றவற்றில் ±6 சதவீத வேக வரம்பில் 0.02 சதவீதமாக எண் மாற வேண்டும். குதித்துக் குதித்து மாறினால் ஸ்லைடர் தேய்ந்துவிட்டது. பழைய கருவி என்றால் ப்ளே, க்யூ (பாட்டைக் குறித்து வைத்த இடத்துக்குக் கொண்டுபோவது) பட்டன்களையும் நாலு தடவை அழுத்துங்கள், முதலில் சாவது அவைதான்.

அப்புறம், பாட்டு ஏற்றும் பென்டிரைவை எஃப்ஏடி32 (FAT32) வகையில் ஃபார்மேட் செய்யுங்கள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் (NTFS) வகை என்றால் சிடிஜே படிக்காது. நானே ஒருமுறை மேடையில் அசடு வழிந்திருக்கிறேன்.